பூசணி உடையாத படம்

"...அதனாலதான் சார் சொல்றேன், இது இன்னிக்கு ஒடையாது. படம் முடிஞ்சாத்தான் பூசணி. படம் முடிஞ்சிச்சா? நீங்களே சொல்லுங்க."

அக்கா இதைச் சொன்னபோது அந்த வெள்ளைப் பூசணி அவர் இடுப்பில் கைக்குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தது. எதிரே புரொடக்‌ஷன் மானேஜர். அவர் கையில் கற்பூரப் பொட்டலம். பகல் பன்னிரண்டு மணி இருக்கும். குன்றத்தூர் சாலையை விட்டு உள்ளே தள்ளி ஒரு சவுக்குத் தோப்பு. தோப்பைத் தாண்டிய வெட்டவெளியில் நாங்கள் போட்டிருந்த தெரு செட். அந்தப் பொய்த் தெருவின் நடுவில் நாற்பது பேர், என்ன ஆகுமோ என்று நின்றுகொண்டிருந்தோம். இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு சொன்னால் மறைத்து வைத்தது போல் ஆகிவிடும். அந்தப் பூசணியை வாங்கி வந்தவனே நான்தான்.

சினிமாத் தொழில் தெரியாதவர்களுக்கு இதில் சண்டை போட என்ன இருக்கிறது என்று தோன்றும். ஒரு படத்தின் கடைசி நாள், கடைசி ஷாட் முடிந்ததும், பூசணியில் துளை போட்டுக் குங்குமத்தைக் கொட்டி, மேலே கற்பூரம் ஏற்றி, காமிராவையும் ஆட்களையும் சுற்றிப் போட்டு உடைப்பார்கள். திருஷ்டி கழிப்பது என்பது வெளியே தெரிகிற காரணம். எங்களுக்கு உள்ளே இன்னொரு காரணம் இருந்தது. பூசணி உடைந்தால் படம் முடிந்தது, ஆட்கள் அவரவர் வழியில் போகலாம். உடையாதவரை அந்தப் படம் அதை ஆரம்பித்த ஆட்களுடையது. தச்சர் முதல் தரை பெருக்குகிறவர் வரை, மிச்ச வேலை அவர்களுக்கே. வேறொருவன் அந்தப் படத்துக்கு ஓர் ஆணிகூட அடிக்க மாட்டான். இது எங்கேயும் எழுதி வைத்ததில்லை. எழுதாததால்தான் கெட்டியாக இருந்தது. எழுதியிருந்தால் அதில் ஓட்டை கண்டுபிடிக்க யாராவது படித்தவர் வந்திருப்பார்.

அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் செட்டில் எட்டுப் பெண்கள் வேலை செய்தார்கள். தண்ணீர் சுமப்பது, சுண்ணாம்பு கலக்குவது, சாக்குத் துணிகளை ஒட்டுப்போட்டுத் தைப்பது, ஷாட் முடிந்ததும் பெருக்குவது. எட்டுப் பேருக்கும் அவர்தான் தலை. சேலையூரில் கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் வீடு. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவார். எங்களுக்கெல்லாம் அக்கா, அவரைவிட வயதில் மூத்த டைரக்டருக்கும் அக்கா. அவர் பேசுவதைக் கேட்பதற்காகவே என் பெயிண்ட் வாளியை அவர் இருக்கும் பக்கம் நகர்த்திக்கொள்வேன். எட்டாம் வகுப்போடு எனக்குப் பள்ளிக்கூடம் முடிந்தது. மேற்குத் தாம்பரத்தில் கடைகளுக்குப் போர்டு எழுதிக்கொண்டிருந்தவன், அங்கிருந்து செட்டுக்குப் பெயிண்டராக வந்தேன். பள்ளியில் விட்டதை இப்படிப்பட்டவர்களின் பேச்சில்தான் பிடித்துக்கொண்டேன். ஒருநாள் பஸ் நடுவழியில் படுத்துவிட, மிச்ச தூரத்தை அக்கா நடந்தே வந்து சேர்ந்தார். மானேஜர் கடிகாரத்தைப் பார்த்து, "லேட் அக்கா" என்றார். "பஸ்ஸுதான் சார் லேட்டு. நான் கரெக்டா வந்துகினுதான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டு விளக்குமாற்றை எடுத்தார்.

எழுபதுகளின் தொடக்கம் அது. நாங்கள் எடுத்துக்கொண்டிருந்தது தெலுங்குப் படம். அந்த நாளில் தெலுங்கு, கன்னடம், மலையாளம் எதுவானாலும் பெரும்பாலும் மெட்ராஸில்தான் எடுப்பார்கள். மொழி எங்களுக்கு ஒரு தடையாக இருந்ததே இல்லை. "பலகைக்கு ஏதுப்பா பாஷை?" என்பார் பாய். பல்லாவரத்துக்காரர், தச்சர்களுக்கு மேஸ்திரி. ஆணியை வாயில் வைத்துக்கொண்டே பேசுவார், ஒரு சொல்லும் தவறாமல் விளங்கும்.

கதை ஒரு மலையடிவாரக் கிராமத்தில் நடக்கிறது. ஊரை விட்டு ஓடிய நாயகன் அந்த மலையைத் தொலைவில் பார்த்துத்தான் திரும்பி வருகிறான். அதற்குக் குன்றத்தூர் மலை கிடைத்தது. உச்சியில் முருகன் கோயில் தெரியாதபடி காமிராவைச் சற்று ஒதுக்கி வைத்தால் அது எந்த ஊர் மலையாகவும் ஆகிவிடும். அந்த மலைக்கு முன்னால், சவுக்குக் கம்பும் சாக்கும் சுண்ணாம்புமாக, நாங்கள் இருபது வீட்டுத் தெரு ஒன்றை நிறுத்தினோம்.

படம் கால்வாசி தாண்டிய சமயத்தில் 'சலுகை' என்ற சொல் எங்கள் தோப்புக்குள் வந்தது. கொண்டுவந்தவர் மானேஜர். அவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சிட்லபாக்கத்தில் ஏரிப் பக்கம் சின்ன வீடு, அமைதியான மனிதர், டீ வந்தால் முதலில் எங்களுக்குக் கொடுத்துவிட்டுத்தான் குடிப்பார். அன்று டீயைக் கையில் வைத்துக்கொண்டே ஆறவிட்டார்.

"டிக்கெட்ல கேளிக்கை வரின்னு ஒண்ணு இருக்கில்ல? ஐதராபாத் பக்கம் அதுல ஒரு பங்கை கவர்மெண்ட் ப்ரொட்யூசருக்கே விட்டுக் கொடுக்கறாங்களாம். ஒரே கண்டிஷன், படத்தோட பெரும்பகுதியை அங்க எடுத்திருக்கணும். முதலாளி யோசிக்கறார்."

"யோசிக்கிறாரா, முடிவு பண்ணிட்டாரா?" என்றார் பாய்.

"யோசிச்சு முடிவு பண்ணிட்டார்."

"அப்போ நாங்கோ?" என்று அக்கா கேட்டார்.

"அங்கேயே ஆள் கிடைக்கிறாங்க அக்கா. இங்கேருந்து கூட்டிட்டுப் போனா ரயிலு, சாப்பாடு, தங்க இடம்... ரூல்ஸ் அப்படி ஆயிடுச்சு, நான் என்ன பண்ணட்டும்?"

எங்களுக்கு அடுத்து வர வேண்டியிருந்த இரண்டு படங்களும் அதே ரயிலில் ஏறப்போகின்றன என்று அந்த வாரத்துக்குள் தெரிந்துவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போது நம் ஆட்கள் அந்த ஊர்க்காரர்களைத் திட்டிக்கொண்டு வந்தார்கள். எனக்கு அவர்கள் மேல் கோபம் வரவில்லை. அவர்கள் வரியை விட்டார்கள், வேலையைப் பிடித்தார்கள். நம்மவர்கள் வரியைப் பிடித்துக்கொண்டு வேலையை விட்டார்கள். திட்ட வேண்டிய ஆள் நம் ஊரிலேயே இருக்கும்போது எதற்கு அத்தனை தூரம் போய்த் திட்டுவது?

ஆகவே மனு எழுதினோம். எழுதியவன் நான். எனக்குத் தெரிந்த கையெழுத்து கடைப் போர்டு கையெழுத்து ஒன்றுதான். பட்டையாக, நிழல் விழுகிற எழுத்து. பாய் அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். "இது மனுவா, பல்பொடி வெளம்பரமா?" ஆனாலும் விஷயம் நல்ல விஷயம். இங்கேயும் கேளிக்கை வரியில் ஒரு பங்கை விட்டுக்கொடுங்கள். ஆனால் முதலாளி கையில் சும்மா கொடுக்காதீர்கள். இந்த ஊர் ஆட்களை வைத்து எடுத்தால்தான் சலுகை என்று எழுதுங்கள். வேலை நின்றால் சலுகையும் நிற்கட்டும். இவ்வளவுதான். அக்கா கடைசியில் ஒன்று சேர்க்கச் சொன்னார். "ஆளுங்கன்னு மட்டும் போடாத பெயிண்டரே. தரை பெருக்குறவங்க உட்படன்னு போடு. இல்லன்னா உங்களோட நிறுத்திக்குவாங்க." போட்டேன்.

அதை எடுத்துக்கொண்டு நாங்கள் மூவரும் ஓர் அரசாங்க அலுவலகத்துக்குப் போனோம். அதிகாரி மனுவின் முதல் வரியைப் பார்த்தார், என் எழுத்தைப் பார்த்து லேசாகச் சிரித்தார், திருப்பி மேசைமேல் கவிழ்த்து வைத்தார்.

"இதெல்லாம் படம் எடுக்கிறவங்க வந்து கேட்க வேண்டியது. நீங்க யாரு?"

"அவரு பணம் போடுறாரு சார். செட்டு போடுறது நாங்க" என்றார் அக்கா.

"தெலுங்குப் படத்துக்கு நாம ஏம்மா வரியை விடணும்?"

"அந்தப் படத்துக்கு நான் சொமந்துகினு போன தண்ணி இன்னா தண்ணி சார்? நம்ம கெணத்துத் தண்ணிதான? பெருக்குன மண்ணு நம்ம மண்ணுதான? படம் இன்னா பேசினா உங்களுக்கு இன்னா, சோறு இந்த ஊர்லதான வேவுது."

அதிகாரி, "பார்க்கலாம்" என்றார்.

படியிறங்கும்போது அக்கா சொன்னார்: "பாக்கலாம்னு சொன்ன மன்ஷன் பேப்பரை கவுத்து வெச்சிட்டாரு, பாத்தியா?" அதற்குப் பிறகும் போனோம். ஒரே மனுவை நான் மறுபடி மறுபடி எழுதி, என் கையெழுத்து திருந்தியதுதான் மிச்சம்.

இதற்கிடையில் மானேஜர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நாயகன் திரும்பி வருகிற காட்சிகளை அங்கேதான் எடுக்கப்போகிறார்களாம். அங்கே எங்கள் மலைக்கு எங்கே போவது? "நீ ஒரு பெரிய துணியில அந்த மலையை அப்படியே எழுதிக் குடுத்துடு. தெருவுக்குப் பின்னால கட்டிக்கறோம்."

சரி என்றேன். இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வீட்டில் இரண்டு பிள்ளைகள், கைக்கு வந்த வேலையை வேண்டாம் என்று சொல்லி எனக்குப் பழக்கமில்லை. செட்டுக்குப் பின்புறம் துணியை விரித்துக் கட்டி, மலையைப் பார்த்துப் பார்த்து எழுதத் தொடங்கினேன். அக்கா குடத்தோடு போகும்போதெல்லாம் ஒரு நிமிஷம் நிற்பார்.

"இன்னா பெயிண்டரே, மலையைச் சுருட்டி பார்சல் பண்றியா?"

"வேலைக்கா."

"அதான் கேக்குறேன். மேல இருக்கிற முருகருக்கும் டிக்கெட் போட்டாச்சா, இல்ல அவரையும் இங்கேயே வுட்டுட்டுப் போறாங்களா?"

சிரித்துக்கொண்டே போய்விடுவார். நான் தூரிகையைக் கழுவப் போய்விடுவேன். மலையின் இடது பக்கம் முழுக்க முடித்தேன். வலது பக்கம் தள்ளிக்கொண்டே போயிற்று.

அப்படியிருக்கும்போதுதான் ஒரு திங்கட்கிழமை மாலை மானேஜர் சொன்னார்: "நாளைக்கு வரும்போது தாம்பரம் மார்க்கெட்ல ஒரு நல்ல பூசணிக்காய் பாத்து வாங்கிட்டு வா." ஆயுத பூஜைக்கு நாலைந்து நாள் இருந்தது. வருஷா வருஷம் காமிராவுக்கும் ரம்பத்துக்கும் பூஜை போட்டு, செட் வாசலில் ஒரு பூசணி உடைப்போம். விலை ஏறுவதற்குள் வாங்கி வைக்கிறார், விவரமான ஆள் என்று நினைத்துக்கொண்டேன். மார்க்கெட்டில் இருந்ததிலேயே பெரியதைத் தட்டிப் பார்த்து எடுத்தேன். சைக்கிள் காரியரில் கயிறு போட்டுக் கட்டி, குன்றத்தூர் வரை பள்ளம் பார்த்து, குலுங்காமல் கொண்டுவந்தேன். அவ்வளவு பத்திரமாக நான் என் பிள்ளைகளைக்கூட ஏற்றிக்கொண்டு போனதில்லை.

தோப்புக்குள் நுழைந்ததும் காமிராவைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார்கள். லைட்டுகளின் ஒயர்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். மானேஜர் தெருவின் நடுவில் நின்று கையைத் தட்டினார். "எல்லாரும் வாங்க. இங்க நம்ம வேலை நல்லபடியா முடிஞ்சுது. பூசணி உடைச்சுட்டு சாப்பாடு. பாயாசம் சொல்லியிருக்கேன்."

அப்போதுதான் எனக்கு விளங்கியது, இது ஆயுத பூஜைக்கு வாங்கச் சொன்ன காய் இல்லை. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன், ஸ்டாண்டு போடக்கூடத் தோன்றவில்லை. அக்கா பெருக்கிக்கொண்டிருந்த இடத்திலிருந்து நேராக என்னிடம் வந்தார். கயிற்றை அவிழ்த்தார், பூசணியைத் தூக்கி இடுப்பில் வைத்தார், மானேஜர் எதிரே போய் நின்றார். அப்போது சொன்னதுதான் நான் முதலில் எழுதியது.

மானேஜர் கோபப்படவில்லை. "அக்கா, இது ஒரு சாங்கியம். அவ்வளவுதான்."

"சாங்கியம்தான? அப்போ அங்க போயி, கடைசி ஷாட் எடுத்துட்டு ஒடைங்க. சொல்லி அனுப்புங்க, நானே வந்து குங்குமம் கொட்டுறேன்."

"நீங்க சர்ச்சுக்குப் போறவங்க. உங்களுக்கு ஏன் இந்தப் பூசணிக்காய் பஞ்சாயத்து?"

"சர்ச்சுக்கு ஞாயித்துக்கெழம போறேன் சார். இன்னிக்கு செவ்வாக்கெழம."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் மானேஜர் கொஞ்சம் தளர்ந்தார். வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டார்.

"புரிஞ்சுக்குங்க. அங்க ஆளுங்களைப் பேசி வச்சாச்சு. பூசணி உடைஞ்சுதான்னு கேட்டுக்கிட்டே இருக்காங்க. உடைச்சாச்சுன்னு நான் போன்ல சொல்லணும். அது வரைக்கும் ஒருத்தனும் கை வைக்க மாட்டேங்கறான்."

பாய் வாயிலிருந்த ஆணியை எடுத்தார். நான் பார்த்து அவர் ஆணியை எடுத்துவிட்டுப் பேசியது அன்று ஒருமுறைதான். "எப்படி வைப்பான்? அங்க இருக்கிற மேஸ்திரியும் நானும் ஒரே பட்டறையில ரம்பம் இழுத்தவங்க."

இவ்வளவு தூரத்துக்கு அப்பால், முகம் தெரியாத ஆட்கள் எங்கள் பூசணிக்காகக் காத்திருக்கிறார்கள் என்பது அந்த நிமிஷம்தான் எங்கள் மண்டையில் ஏறியது. நாற்பது பேரும் ஓரடி முன்னால் நகர்ந்தோம். யாரும் சொல்லி நகரவில்லை.

"வேற ஒரு காய் வாங்க எவ்வளவு நேரமாகும்?" என்றார் மானேஜர், முனகுவது போல.

"வாங்குங்க. ஆனா பெயிண்டர் போவ மாட்டாரு. வேற ஆளைப் பாருங்க."

அக்கா என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்தான் சொன்னார். ஆனால் மற்ற எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சைக்கிளை அப்படியே கீழே போட்டேன். செட்டுக்குப் பின்னால் போய், வலது பக்கம் வெறுமையாகக் கிடந்த அந்த மலைத் துணியை அவிழ்த்துச் சுருட்டினேன். தோளில் தூக்கிக்கொண்டு வந்து தெருவின் நடுவில் போட்டு அதன்மேல் உட்கார்ந்தேன்.

"மலையும் போகாது சார்" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

அந்தப் படம் என்ன ஆனது என்று கேட்பீர்கள். சில நாள் தகவல் அங்கும் இங்கும் போய் வந்தது. கடைசியில் கம்பெனி இறங்கி வந்தது. மலை தெரிகிற தெருக் காட்சிகளை எல்லாம் எங்கள் தோப்பிலேயே, எங்களை வைத்தே எடுத்தார்கள். மீதிப் பெரும்பகுதிக்கு அங்கே போனபோது எங்களில் பாதிப் பேரை ரயிலேற்றிக்கொண்டு போனார்கள். அக்கா போனார், நானும் போனேன். அங்கே கடைசி நாளில் பூசணியில் குங்குமம் கொட்டியது அக்காவேதான். கம்பெனிக்குச் சலுகை கிடைத்ததில் எங்களால் ஒரு குறையும் வரவில்லை. அடுத்து வர வேண்டிய படங்கள் வரவில்லை என்பதும் உண்மைதான். ஒரு பூசணியால் எல்லா ரயிலையும் நிறுத்திவிட்டோம் என்று நான் அளக்க மாட்டேன். ஆனால் நாங்கள் சும்மா அனுப்பிவைக்கப்பட்டவர்கள் இல்லை. எங்களைக் கேட்காமல் எங்கள் படத்தை முடித்ததாகச் சொல்ல யாராலும் முடியவில்லை.

பிற்பாடு சலுகை பற்றி நிறையப் பேர் பேசினார்கள். மேடையில் பேசினார்கள், பத்திரிகையில் எழுதினார்கள். எதிலும் முதலாளிகளுக்கு எவ்வளவு என்பது இருக்கும். 'தரை பெருக்குகிறவர்கள் உட்பட' என்ற சொற்களை நான் எந்தத் தாளிலும் இதுவரை பார்க்கவில்லை. பார்க்கும்வரை கேட்டுக்கொண்டுதான் இருப்பேன். என் கையெழுத்து இப்போது நன்றாகவே இருக்கிறது.

அன்றைய பகலுக்கு வருகிறேன். நான் துணிமேல் உட்கார்ந்ததும் மானேஜர் கற்பூரப் பொட்டலத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "சரி அக்கா, உடைக்கல. அதைக் கீழயாவது வையுங்க. எவ்வளவு நேரம் சுமப்பீங்க?"

அக்கா அவரை ஒரு பார்வை பார்த்தார். கீழே வைத்துவிட்டுத் திரும்பினால் என்ன ஆகும் என்பது இருவருக்கும் தெரியும். பூசணியோடு நேராகச் சமையல் கொட்டகைக்குப் போனார். நாங்கள் எல்லோரும் பின்னாலேயே போனோம், மானேஜரும்தான். அங்கே அடுப்பில் நாற்பது பேருக்கான சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. அக்கா காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "குங்குமம் வெக்கல, கற்பூரம் ஏத்தல. அப்போ இது வெறும் காய்தான்" என்று தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அரிவாள்மனையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, உடையாதுன்னுட்டு நீங்களே உடைக்கிறீங்களே" என்றார் மானேஜர்.

"இது ஒடைக்கிறது இல்ல சார். நறுக்குறது."

தோலைச் சீவினார். விதையை வழித்து ஓரமாகத் தள்ளினார். துண்டு துண்டாக, அவசரமே இல்லாமல் நறுக்கி, முழுப் பூசணியையும் சாம்பாரில் போட்டுக் கிளறினார். வெந்து இறங்கியதும் இலைகளைப் போடச் சொல்லி, மானேஜரை முதல் இலையில் உட்கார வைத்து, பெரிய துண்டாகப் பார்த்து இரண்டு கரண்டி ஊற்றி, அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே நின்றார்.